பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் அஞ்சல் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் எழுத்துத் திரையில், அதாவது டெர்மினலில், உட்கார்ந்து மின்னஞ்சல் படிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். போன இதழில், அங்கே அஞ்சல் படிக்க உதவும் ‘மட்’ நிரலைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஏறக்குறைய எல்லாருடைய கஷ்டமும் ஒன்றுதான்: வருடக்கணக்கில் ஓடிய ஏற்பாடு ஒருநாள் நின்றுவிட்டது, பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சர்வர் உள்ளே விட மறுக்கிறது. அவற்றிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். பதினைந்து வருடமாக லினக்ஸில் மட் வழியாகத்தான் ஜிமெயில் படித்தேன். உடல்நிலை சரியில்லாததால் சில வருடம் கைபேசியிலேயே பார்த்துக்கொண்டேன். இப்போது பழைய கோப்புகளைப் புதிய மடிக்கணினிக்கு மாற்றித் திறந்தால், பயனர்பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்படவில்லை என்கிறது. அதே பாஸ்வேர்டு பிரவுசரில் வேலை செய்கிறது. மட்டுக்கு வயதாகிவிட்டதா? (தஞ்சாவூர்)

ஐயா, உங்கள் பாஸ்வேர்டு மேலும் தப்பில்லை, மட் மேலும் தப்பில்லை. 2022 மே 30 முதல் கூகுள் தனிநபர் கணக்குகளில் கணக்கின் சொந்த பாஸ்வேர்டை வைத்து ஐமேப், பாப் (அஞ்சலை வாங்கும் வழிகள்), எஸ்எம்டிபி (அனுப்பும் வழி) மூலமாக நுழைவதை நிறுத்திவிட்டது. அதற்கு முன் ‘பாதுகாப்புக் குறைந்த செயலிகளை அனுமதி’ என்று ஒரு சுவிட்ச் இருந்தது, நீங்களும் ஒரு காலத்தில் அதைப் போட்டு வைத்திருப்பீர்கள். அந்த சுவிட்சையே எடுத்துவிட்டார்கள். இடையில் நீங்கள் மட் பக்கம் வராததால் உங்களுக்கு இது இப்போதுதான் தெரிகிறது.

ஏன் எடுத்தார்கள் என்று கோபப்படுவதற்கு முன் மட்டின் அமைப்புகள் இருக்கும் உங்கள் மட்ஆர்சி கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் ஐமேப் பாஸ் என்று ஒரு வரி இருக்கும், அதற்கு எதிரே உங்கள் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு பச்சையாக எழுதியிருக்கும். அஞ்சல் மட்டுமல்ல, உங்கள் புகைப்படங்கள், ஆவணங்கள், கைபேசியின் காப்புப்பிரதி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வரிதான் சாவி. பால் வாங்கி வைப்பதற்காகப் பக்கத்து வீட்டில் மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுத்து வைப்பது போன்றது இது. நானும் பல வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருமுறை நண்பர் ஒருவர் கேட்டார் என்று அந்தக் கோப்பை அப்படியே அனுப்பிவிட்டு, இரவு படுக்கும்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்து எழுந்து ஓடினேன். அன்றைக்கு மாற்றிய பாஸ்வேர்டு எத்தனை இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

சரி, உங்களுக்கான தீர்வு எளிது. கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். அது இல்லாமல் அடுத்த படி கிடைக்காது. பிறகு கணக்கின் அமைப்புப் பக்கத்தில் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் ஆப் பாஸ்வேர்டு என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள், மெனுவில் தேடிக்கொண்டிருப்பதைவிட இது வேகம். ‘மட், வீட்டு மடிக்கணினி’ என்று ஒரு பெயர் கொடுத்தால் பதினாறு சிறிய எழுத்துகள் கொண்ட பாஸ்வேர்டு ஒன்று வரும், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவார்கள். இடைவெளி கண்ணுக்குப் படிக்க வசதியாகப் போட்டது, கோப்பில் சேர்த்தே எழுதுங்கள். ஒரே ஒருமுறைதான் காட்டுவார்கள், ஜன்னலை மூடினால் போச்சு. போனால் பரவாயில்லை, அதை நீக்கிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

மட்டில் மாற்ற வேண்டியது அந்த பாஸ்வேர்டு வரி ஒன்றுதான். ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்ற போர்ட் எண்கள், இதெல்லாம் பழையபடியே இருக்கட்டும். ஆனால் இந்த முறையாவது பச்சையாக எழுதி வைக்காதீர்கள். ஜிபிஜி என்ற பூட்டும் நிரலால் பூட்டிய ஒரு சின்னக் கோப்பில் அதை வைத்து, மட்ஆர்சி அந்தக் கோப்பைத் திறக்கும் கட்டளையை ஓட்டி விடையை வாங்கிக்கொள்ளும்படி செய்யலாம். மட் தொடங்கும்போது ஒருமுறை உங்கள் ஜிபிஜி சொல்லைக் கேட்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கூகுள் கணக்கின் முதன்மை பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா ஆப் பாஸ்வேர்டுகளும் ரத்தாகிவிடும். ஆறு மாதம் கழித்து மறுபடி இதே பிழை வந்தால் முதலில் அதை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. எங்கள் பல்கலைக்கழக அஞ்சல் மைக்ரோசாஃப்ட் 365-ல் இருக்கிறது. ஆப் பாஸ்வேர்டு எடுக்கவே வழியில்லை. கணினி மையத்தில் கேட்டால் அவுட்லுக் மட்டும் பயன்படுத்துங்கள் என்கிறார்கள். தினமும் நூறு அஞ்சல் வருகிறது, அதை மட் போல வேகமாகப் பிரித்துப் படிக்க எனக்கு வேறு எதுவும் சரிப்படவில்லை. வழி உண்டா? (மதுரை)

உண்டு, ஆனால் உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய வேண்டும். உங்கள் கேள்விக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் தன் நிறுவன அஞ்சலில் 2022 அக்டோபர் 1 முதல் பாஸ்வேர்டு மட்டும் கொடுத்து ஐமேப், பாப் வழியாக நுழைவதை நிறுத்த ஆரம்பித்தது. எஸ்எம்டிபி-க்கு மட்டும் விலக்கு இருந்தது. அதையும் எடுக்கப்போவதாக அறிவித்துத் தேதியைத் தள்ளிப் போட்டார்கள், அதனால் அதை நம்பி எதையும் புதிதாகக் கட்டாதீர்கள். தனிநபர் ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு இந்தக் கதவு 2024 செப்டம்பர் 16-ல் மூடப்பட்டது. மிச்சமிருக்கும் வழி ஓஆத் 2.0, நிரலுக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அனுமதி மட்டும் கொடுக்கும் முறை. அந்தத் தரம் 2012 அக்டோபரிலேயே வந்துவிட்டது, டெர்மினல்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டப் பத்து வருடம் ஆனது.

அதன் வேலை இப்படி. மட் உங்கள் பாஸ்வேர்டைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பிரவுசரில் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கத்தில், கைபேசிச் சரிபார்ப்பு உட்பட எல்லாம் முடித்து, ‘இந்த நிரல் என் அஞ்சலைப் படிக்கலாம், என் பெயரில் அனுப்பலாம்’ என்று சம்மதம் சொல்கிறீர்கள். அதற்கு ஈடாக இரண்டு டோக்கன்கள், அதாவது அனுமதிச் சீட்டுகள், வருகின்றன. ஒன்று ஆக்சஸ் டோக்கன், சுமார் ஒரு மணி நேரம்தான் அதற்கு ஆயுள், அதைக் காட்டினால் அஞ்சல் சர்வர் உள்ளே விடும். மற்றொன்று ரெஃப்ரெஷ் டோக்கன், அது நீண்ட நாள் இருக்கும், அதைக் காட்டிப் புதிய ஆக்சஸ் டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டில் ரெஃப்ரெஷ் டோக்கனுக்குப் பொதுவாக 90 நாள், ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் புதியது கிடைக்கும், ஆகவே தினமும் அஞ்சல் பார்க்கிறவருக்கு அது தானாக நீண்டுகொண்டே போகும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இவ்வளவு வேலையையும் மட் கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான். புதிய மட் பதிப்புகளில் ஐமேப்புக்கும் எஸ்எம்டிபி-க்கும் ‘ஓஆத் ரெஃப்ரெஷ் கமாண்ட்’ என்று தனித்தனி அமைப்பு இருக்கிறது. அதில் ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டால், தேவைப்படும்போது மட் அதை ஓட்டும், அது அச்சடிக்கும் ஒரே ஒரு வரியை எடுத்து டோக்கனாக அனுப்பும். அந்தக் கட்டளைக்குள் என்ன நடக்கிறது என்று மட்டுக்குத் தெரியவும் வேண்டாம். ஒரு வேலையை ஒரு நிரல், விடையை எழுத்தாகக் கொடு என்ற பழைய யூனிக்ஸ் வழக்கம்தான் இங்கே கைகொடுக்கிறது. அனுப்ப எம்எஸ்எம்டிபி என்ற தனி நிரல் வைத்திருந்தாலும் இதே கதைதான், பாஸ்வேர்டுக் கட்டளை இருந்த இடத்தில் இந்தக் கட்டளையைப் போட்டு, உறுதிப்படுத்தும் முறையை எக்ஸ்ஓஆத்2 (சர்வருக்கு டோக்கனைக் காட்டும் முறை) என்று மாற்றினால் போதும்.

அந்தக் கட்டளையை நீங்களே எழுத வேண்டாம். மட்டின் மூலநிரலோடு கான்ட்ரிப் அடைவில் மட் ஓஆத்2 என்ற பைத்தான் ஸ்கிரிப்ட் வருகிறது. டோக்கன்களை ஜிபிஜி-யில் பூட்டித்தான் சேமிக்கும். முதல் முறை அனுமதி வாங்கும் விருப்பத்தோடு ஓட்டினால் மைக்ரோசாஃப்டா கூகுளா, எந்த வழியில் அனுமதி, எந்த முகவரி என்று கேட்கும். வழிகளில் ‘டிவைஸ் கோட்’ என்பதைத் தேர்ந்தால் திரையில் ஒரு சிறு குறியீடு வரும், எந்தக் கணினியின் பிரவுசரிலும், கைபேசியிலும்கூட, மைக்ரோசாஃப்டின் பக்கத்துக்குப் போய் அதைத் தட்டலாம். எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்திலிருந்து ஆய்வகச் சர்வரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது பெரிய வசதி. சில நிர்வாகங்கள் இந்த வழியை மட்டும் தடுத்து வைத்திருக்கும். அப்போது அதே கணினியின் பிரவுசரில் சம்மதம் வாங்கும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ வழியை உங்கள் சொந்த மடிக்கணினியில் முடித்துவிட்டு, டோக்கன் கோப்பை சர்வருக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம், அதே ஜிபிஜி சாவி அங்கேயும் இருந்தால் போதும். (கூகுளில் டிவைஸ் கோட் வழி அஞ்சலுக்குக் கிடையாது, லோக்கல்ஹோஸ்ட்தான்.)

இனி கஷ்டமான பகுதி. ஸ்கிரிப்டுக்கு ஒரு கிளையன்ட் ஐடி வேண்டும், அதாவது ‘சம்மதம் கேட்பது யார்’ என்பதற்கான பதிவு எண். மைக்ரோசாஃப்டின் என்ட்ரா பக்கத்தில், முன்பு அஷூர் ஏடி என்ற பெயரில் இருந்ததுதான், ஒரு செயலியைப் பதிவு செய்து வாங்க வேண்டும். பல்கலைக்கழகக் கணக்கில் மாணவர்களுக்கு அந்த உரிமை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தண்டர்பேர்டு என்ற அஞ்சல் நிரலின் ஐடி திறந்த மூலநிரலில் எல்லாரும் பார்க்கும்படி இருப்பதால் பலர் அதையே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், வேலையும் செய்கிறது. நான் அதைச் சொல்லித்தர மாட்டேன். வேறொரு நிரலின் பெயரைச் சொல்லி உள்ளே போவது அது, கணினி மையத்துக்குத் தெரியவந்தால் உங்கள் கணக்குக்குத்தான் தலைவலி, ஆய்வின் நடுவில் அது வேண்டாம்.

அதற்குப் பதில் கணினி மையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ‘மட் பயன்படுத்த அனுமதி வேண்டும்’ என்று எழுதினால் மறுப்பார்கள், அது என்னவென்றே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இப்படி எழுதுங்கள்: என் அஞ்சல் பெட்டிக்கு ஐமேப்பும் அனுப்பும் வசதியும் திறந்திருக்க வேண்டும், பயனர் சார்பில் ஐமேப் வழியாகப் படிப்பது, எஸ்எம்டிபி வழியாக அனுப்புவது, ஆஃப்லைன் ஆக்சஸ் ஆகிய மூன்று அனுமதி மட்டும் கொண்ட ஒரு செயலிப் பதிவு வேண்டும், பாஸ்வேர்டு எங்கும் சேமிக்கப்படாது, இரண்டு கட்டச் சரிபார்ப்பு வழக்கம்போல நடக்கும். இந்த மொழி அவர்களுக்குப் புரியும். ஆய்வு வழிகாட்டியிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டால் நல்லது. அந்த மூன்றாவது அனுமதியை மறந்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் ரெஃப்ரெஷ் டோக்கன் வராது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரவுசரைத் திறக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் செய்தும் சர்வர் மறுத்தால் பதறாமல், கண்ணில் படுவதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எக்ஸ்ஓஆத்2-ல் போகும் சரம் எளிமையானது: ‘யூசர்’ சமன்குறி உங்கள் முகவரி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கன்ட்ரோல்-ஏ, ‘ஆத்’ சமன்குறி ‘பேரர்’ இடைவெளி டோக்கன், கடைசியில் இரண்டு கன்ட்ரோல்-ஏ. இது மொத்தமும் பேஸ்64 என்ற எழுத்து வடிவுக்கு மாற்றப்பட்டுப் போகிறது. முகவரியில் ஒரு எழுத்து தப்பென்றாலும், அல்லது டோக்கன் எடுத்த கணக்கு வேறு, அஞ்சல் பெட்டி வேறு என்றாலும் சர்வர் ஏற்காது. ஜிமெயிலாக இருந்தால், மறுக்கும்போது ஈ-ஒய்-ஜே என்று தொடங்கும் ஒரு நீண்ட சரத்தைத் திருப்பி அனுப்பும். அதைப் பேஸ்64-லிருந்து மாற்றிப் படித்தால் ஸ்டேட்டஸ் 400 என்றும், எந்த அனுமதி எதிர்பார்க்கப்பட்டது என்றும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் இவ்வளவு சொல்லாது. ஆனால் அனுப்பும்போது 5.7.139 என்ற எண் வந்தால், உங்கள் பெட்டிக்கோ மொத்த நிறுவனத்துக்கோ எஸ்எம்டிபி மூடியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அதுதான் காரணம் என்றால் உங்கள் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் எதுவும் கிடைக்காது.

கேள்வி: ஜிமெயிலுக்கு ஓஆத் அமைத்துவிட்டேன், அருமையாக ஓடுகிறது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை செத்துவிடுகிறது. மறுபடி அனுமதி வாங்கினால் சரியாகிறது. (கோவை)

சரியாக ஏழு நாள்தானே? கிளையன்ட் ஐடி வாங்க கூகுள் கிளவுடில் நீங்கள் உருவாக்கிய ப்ராஜெக்ட் இன்னும் ‘டெஸ்டிங்’ நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் கொடுக்கப்படும் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு ஏழு நாள்தான் ஆயுள். சம்மதத் திரை அமைப்பில் போய் ‘ப்ரொடக்‌ஷன்’ நிலைக்கு மாற்றிவிட்டு, இன்னொரு முறை அனுமதி வாங்குங்கள், பழைய டோக்கன் தானாக நீளாது. ‘சரிபார்க்கப்படாத செயலி’ என்று பயமுறுத்தும் ஒரு திரை வரும். செயலி உங்களுடையது, பயன்படுத்துவதும் நீங்கள் ஒருவர்தான் என்றால் தாண்டிப் போகலாம். தனிநபர் கணக்குதான் என்றால் இவ்வளவு தேவையா என்றும் யோசியுங்கள், ஆப் பாஸ்வேர்டு போதும் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு நிரல் ஓடும் பழைய சென்ட்ஓஎஸ் 5 (லினக்ஸ்) கணினி ஒன்று இருக்கிறது. இரவு ஒன்பதுக்கு அன்றைய விற்பனைக் கணக்கை முதலாளிக்கு ஜிமெயில் வழியாக அனுப்பும். ஆப் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தேன், அதுவும் போகவில்லை. அந்தக் கணினியைத் தொட்டால் கணக்கு நிரல் நின்றுவிடும் என்று பயம். (ஈரோடு)

தொடாதீர்கள், உங்கள் பயம் நியாயமானது. சிக்கல் அநேகமாகப் பாஸ்வேர்டு வரைக்கும் போகவே இல்லை. அதற்கு முன்பே, இரண்டு கணினிகளும் பாதுகாப்பான இணைப்புக்குக் கைகுலுக்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த இணைப்பைப் பூட்டும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். சென்ட்ஓஎஸ் 5-ல் அதைச் செய்யும் நூலகம் ஓப்பன்எஸ்எஸ்எல் 0.9.8, அதற்கு டிஎல்எஸ் 1.0-க்கு மேல் பேசத் தெரியாது. டிஎல்எஸ் 1.2 ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2012-ல் 1.0.1 பதிப்போடுதான் வந்தது. 1.0, 1.1 இரண்டையும் பயன்படுத்த வேண்டாம் என்று 2021 மார்ச்சில் தரநிலையாகவே அறிவித்துவிட்டார்கள். சர்வர் உண்மையானதா என்று பார்க்கப் பழைய கணினியில் இருக்கும் சான்றிதழ்ப் பட்டியலும் அந்தக் காலத்ததுதான், அதனாலும் மறுக்கலாம்.

நடுவில் ஒரு ஆளை நிறுத்துங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று போதும், அதில் இன்றைய டெபியன் லினக்ஸ் போட்டு போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் நிரலை நிறுவுங்கள். பழைய கணினி தன் அஞ்சலைக் கடைக்குள்ளேயே, 25-ஆம் போர்ட்டில், பூட்டு எதுவும் இல்லாமல் பை-யிடம் கொடுக்கட்டும். பை அதை 587-ல் இன்றைய டிஎல்எஸ்ஸோடு, ஆப் பாஸ்வேர்டு காட்டி ஜிமெயிலுக்குத் தள்ளும். பழைய கணினியில் மாற்ற வேண்டியது அஞ்சல் சர்வரின் முகவரி ஒன்று மட்டும்தான்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. போஸ்ட்ஃபிக்ஸின் ‘மைநெட்வொர்க்ஸ்’ வரியில் அந்த ஒரு கணினியின் ஐபி-யை மட்டும் சேருங்கள், மொத்த வைஃபையையும் சேர்த்துவிட்டால் கடைக்கு வருகிற எவருடைய கைபேசியும் உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பலாம். பாஸ்வேர்டுக் கோப்பை மாற்றிய பிறகு போஸ்ட்மேப் ஓட்டுங்கள். அந்தக் கோப்புக்கு அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்), உரிமையாளர் ரூட். ‘மெக்கானிசம் எதுவும் இல்லை’ என்று லாகில் வந்தால், டெபியனில் சர்வருக்குப் பாஸ்வேர்டு காட்டும் எஸ்ஏஎஸ்எல் மாட்யூல்கள் தனிப் பொட்டலம், அதை நிறுவாமல் விட்டிருப்பீர்கள். பை நின்றுபோனால் அஞ்சலும் நிற்கும், ஆகவே முதல் ஒரு மாதம் முதலாளிக்குக் கணக்கு வந்ததா என்று காலையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த சென்ட்ஓஎஸ் 5-க்கு 2017 மார்ச் 31-லேயே ஆதரவு முடிந்துவிட்டது. அஞ்சல் போகத் தொடங்கிய நிம்மதியில் அதை மறந்துவிடாதீர்கள். இணையத்திலிருந்து முழுதாகத் துண்டித்து வையுங்கள், பை-யிடம் பேசினால் போதும். கணக்குத் தரவை இன்னொரு வட்டில் எடுத்து வைத்து, நிரலை எழுதியவரிடம் புதிய கணினிக்கு மாற்ற என்ன வேண்டும் என்று இப்போதே கேளுங்கள்.

கேள்வி: 2004-ல் தொடங்கிய என் ஜிமெயிலை முழுவதும் கணினிக்கு இறக்கி வைக்க விரும்புகிறேன். அஞ்சலை இறக்கும் எம்பிசிங்க் நிரலை வைத்து முயன்றால், எக்ஸ்ஓஆத்2 என்ற முறையே தெரியாது என்கிறது. இன்னொன்று, ஆரம்ப காலத் தமிழ் அஞ்சல்கள் பலவும் கிறுக்கலாகத் தெரிகின்றன. என் மறைந்த அண்ணன் எழுதியவையும் அவற்றில் உண்டு. (டொராண்டோ)

முதல் பாதி சுலபம். எம்பிசிங்க் இந்த வேலையை சைரஸ் எஸ்ஏஎஸ்எல் நூலகத்திடம் விடுகிறது. எக்ஸ்ஓஆத்2-க்கான செருகல் அதில் தனியாக நிறுவப்பட வேண்டும். ஆனால் உங்களுடையது தனிநபர் கணக்கு, ஆகவே ஆப் பாஸ்வேர்டு எடுத்து, முறையை ‘லாகின்’ என்று வையுங்கள், செருகலே வேண்டாம். லேபிள் ஒவ்வொன்றையும் இறக்கினால் ஒரே அஞ்சல் நான்கைந்து முறை வரும், அதனால் ‘ஆல் மெயில்’ கோப்புறையை மட்டும் இறக்குங்கள். ஜிமெயில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பி வரைதான் இறக்க விடும். 12 ஜிபி இருந்தால் ஐந்து நாள் ஆகும், நடுவில் நின்றால் பிழை என்று நினைக்காதீர்கள், மறுநாள் ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கிறுக்கல் என்பது பெரும்பாலும் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கம். யூனிகோடு பரவுவதற்கு முன் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மடலாடியது பெரும்பாலும் அந்தக் குறியாக்கத்தில்தான். அது என்ன குறியாக்கம் என்று அஞ்சலின் தலைப்பில் சொல்ல அன்றைய நிரல்களுக்கு வழியில்லாததால் ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’ என்று போட்டு அனுப்பினார்கள். பிரவுசரில் இப்போது அதைத் திறக்க வழி கிடைப்பது கஷ்டம். லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் குறியாக்கம் மாற்றும் ஐகன்வ் கருவிக்கு இன்றும் டிஸ்கி தெரியும், மட் அதைத்தான் பயன்படுத்துகிறது. மட்ஆர்சியில் ‘சார்செட்-ஹுக்’ என்ற ஒரு வரியில் எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் என்றால் டிஸ்கி என்று எழுதிவிடுங்கள். தலைப்பில் தவறாக ஐஎஸ்ஓ-8859-1 என்று குறித்து வந்த அஞ்சல்களும் இருக்கும். அவற்றைத் திறந்து கன்ட்ரோல்-ஈ அழுத்தி, சார்செட் இருக்கும் இடத்தில் டிஸ்கி என்று மாற்றி என்டர் தட்டினால் கண்ணெதிரே தமிழ் எழுத்துகளாக மாறும்.

டாப், டாம் என்ற வேறு தமிழ்க் குறியாக்கங்களில் வந்தவை மட்டும் இப்படித் திறக்காது, ஐகன்வுக்கு அவை தெரியாது, தனி மாற்றிகள் வேண்டும். முதலில் உங்கள் அண்ணனின் ஒரு அஞ்சலில் முயன்று பாருங்கள். எழுத்து வரவில்லையென்றால், முகவரிகளை அழித்துவிட்டு அதன் தலைப்பு வரிகளையும் முதல் இரண்டு வரிக் கிறுக்கலையும் எனக்கு அனுப்புங்கள், என்ன குறியாக்கம் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.